கழிக்கவும்

ஆறு மணிக்கே அரவேனு சுகாதார நிலையத்தில் வரிசை,
எல்லாம் வெறும் வயிறு.
கையை நீட்டச் சொன்னால்
மூன்று ஸ்வெட்டர்களைச் சுருட்ட வேண்டியிருக்கிறது.

மரியபுஷ்பம் வலது ரப்பர் பூட்ஸின் முனையை
வெட்டி எடுத்திருந்தாள், கட்டைவிரல் மூச்சுவிட.
"யூரிக் ஆசிட்," என்று அவளே சொன்னாள்.
"கருவாட்டை விடுன்னார் டாக்டர், விட்டேன்.
பருப்பை விட்டேன்.
இனி விட இந்த விரல்தான் மிச்சம்."

காட்டெருமை வழிவிடும்வரை
ஐஸ் பெட்டியோடு ஜீப் காத்திருந்தது.
சுழற்றி எடுத்த குழாயில் மஞ்சள் மேலே தெளிந்தது.
கல்லீரல் செய்தது, தசை உதறியது, குடல் ஏற்றியது
எல்லாம் அதில் ஒன்றாய்க் கிடக்கும்,
அனுப்பியவர் முகவரி இல்லாமல்.

கட்டபெட்டு கூட்டுறவு ஃபேக்டரியில் ஒருமுறை
மாதக் கணக்கு உதைத்தது.
வந்த இலைக்கும் ஆன தூளுக்கும் பொருந்தவில்லை.
தராசைக் கழற்றினார்கள். லாரி டிரைவரை முறைத்தார்கள்.
அகப்பட்டது ஓர் எழுத்து.
ஏழு எடைக்கொட்டகைக்கும் ஒரே விதிப்புத்தகம்;
பன்னிரண்டாம் பக்கத்தில், ஈர இலையாக இருந்தால்
நூற்றுக்கு எட்டு 'களிக்கவும்'
என்று அச்சாகியிருந்தது.
ஆறு கொட்டகையில் அந்தப் பக்கத்தைத் திறந்தவரே இல்லை.
மூடுபனி விலகாத மேல்கொட்டகையில்
போஜன் ஒருவர்தான் திறப்பார்.
"களிக்கச் சொன்னாங்க, களிச்சேன்," என்றாராம்.

செல்களும் அப்படித்தான்.
ஒவ்வொன்றிடமும் முழுப் புத்தகம்;
புரட்டுவது தன் பக்கம் மட்டும்.

எண்ணாயிரம் பேரின் எழுத்துப்பிழைகளை
அவரவர் யூரிக் அமில அளவோடு அடுக்கிப் பார்த்தேன்.
கல்லீரல் மேல் பந்தயம் கட்டியிருந்தேன்,
அதிகம் செய்வது அதுதானே.
பிழைகள் குவிந்த பக்கங்களை
யார் திறக்கிறார்கள் என்று தேடிப் போனால்
சிறுநீரக நுண்குழாயின் சுவரில்
நெருக்கி உட்கார்ந்திருக்கும் செல்கள்,
கழிக்க வேண்டியதை
மறுபடி உள்ளே இழுத்துக்கொண்டு.

எண்ணாயிரம் பேரின் கணக்கு
ஒருத்தியின் கட்டைவிரலுக்கு ஜாமீன் நிற்காது. தெரியும்.
குழாயில் அவள் பெயர்கூட இல்லை, 0417.
ஆனாலும் அடுத்த சுற்றில் ஊசியை உருவியபோது சொன்னேன்:
தப்பு முழுக்க உங்க சட்டியில இல்லைக்கா.

பஞ்சை அழுத்திப் பிடித்தபடி
பூட்ஸ் ஓட்டையைப் பார்த்தாள்.
"அப்போ கருவாடு?"

நான் திறக்கும் பக்கத்தில்
அது இல்லை.