ஒரு கிலோ இருநூறு

லீ பஜாரில் எனக்குப் பதினேழு வருஷம்.
சாக்கைத் தொட்டாலே சொல்லிவிடுவேன்,
உள்ளே துவரையா உளுந்தா,
ஈரம் ஏறியிருக்கிறதா என்று.
என் பையனைத் தொட்டு
ஒன்றும் சொல்லத் தெரியவில்லை, ஆறு வருஷமாய்.

சட்டைக் காலரில் இருந்த துணிப்பட்டையை
பிளேடால் அறுத்தெடுத்தாள் கோகிலவாணி.
ஒரு நூல் மிச்சம் இருந்திருக்கிறது.
அந்த ஒரு நூலுக்கு அழுதான் மாதேஷ்,
செவ்வாய்ப்பேட்டை கேட் மூடி
சரக்கு ரயில் முழுசும் போய்த் திறக்கும்வரை.

மிக்சி போட்டால் கட்டிலுக்கு அடியில் இருப்பான்.
சோற்றில் ரசம் தொட்டுவிட்டால் அந்தத் தட்டே பகை.
ட்யூப்லைட்டைப் பார்த்துக் காதைப் பொத்துகிறானே என்று
ஒரு ராத்திரி நாங்களும் நின்று கேட்டோம்,
மூச்சைப் பிடித்துக்கொண்டு.
ஆமாம், அது முனகிக்கொண்டுதான் இருக்கிறது.
அதற்கப்புறம் எனக்கும் தூக்கமில்லை.

நாலு சாத்து சாத்தினால் சரியாகிவிடும் என்றார்கள்.
ஒரு தடவை சாத்தியும் பார்த்தேன்.
அதை இங்கே எழுதாமல் விட்டால்
மற்றதெல்லாம் பொய்யாகிவிடும்.

அஸ்தம்பட்டியில் ஒரு மாடியறை.
ஆக்குபேஷனல் தெரபி என்று போர்டு.
பாரம் நிரப்பும்போது ஆக்குபேஷன் என்ற இடத்தில்
கூலி என்று எழுதுவார்கள் எனக்கு.
ஆறு வயசுக்காரனுக்கு என்ன ஆக்குபேஷன் மேடம்?
"விளையாடுறது" என்றார் ரெஹானா மேடம்,
"சாப்பிடுறது, சட்டை போடுறது.
அதுக்கே எவ்வளவு உழைக்கிறான் பாருங்க."

ஒரு தொட்டி நிறைய ஜவ்வரிசி.
மூன்று வாரம் கையைப் பின்னால் கட்டி நின்றான்.
மேடம் அந்தக் கையை இழுக்கவில்லை.
தன் கையை மட்டும் விட்டு அளைந்துகொண்டு
வேறெங்கோ பார்த்தார்.
நாலாவது வாரம் ஒரு விரல். சுண்டு விரல்.
ஆசிட் பாட்டிலைத் தொடுகிற மாதிரி.

"தன் உடம்பு எங்கே முடியுதுன்னு
அவனுக்குச் சரியாத் தெரியலை.
கொஞ்சம் கனம் கொடுத்துப் பார்ப்போம்."
கனமா!
சிரிப்பு வந்தது எனக்கு. பிறகு வரவில்லை.

புளி மண்டியில் கொட்டை பொறுக்கி வந்தேன்.
எட்டுப் பை வைத்து ஜாக்கெட் தைத்தாள் அவள்.
மேடம் சொன்ன கணக்குக்கு
கடைத் தராசில் போட்டு எடுத்தேன்:
ஒரு கிலோ இருநூறு.
"யார் சரக்குப்பா?" என்றார் கணக்கப்பிள்ளை.
என் சரக்குதான் என்றேன்.

எண்பது கிலோ முதுகில் ஏறும்போது
நான் காணாமல் போவேன்;
கால் மட்டும் லாரிக்கும் குடோனுக்கும் நடக்கும்.
இவன் மேல் ஒரு கிலோ இருநூறு ஏறியதும்
பிறந்ததிலிருந்து நுனிக்காலில் நின்றவன் போலிருந்தவனின்
குதிகால் தரையில் இறங்கியது.
அறையைச் சுற்றிப் பார்த்தான்,
ரயிலைவிட்டு இப்போதுதான் இறங்கினவன் மாதிரி.

இருபது நிமிஷம். பிறகு கழற்றிவிட வேண்டும்.

எல்லா நாளும் அப்படி இல்லை.
ஆடியில் கோட்டை மாரியம்மனுக்குப் பம்பை அடித்தபோது
ஜாக்கெட்டைக் கிழித்தெறிந்தான்.
தெரு முழுக்கப் புளியங்கொட்டை.
என் மணிக்கட்டில் அவன் பல் பதிந்தது,
கொக்கித் தழும்புக்குப் பக்கத்திலேயே.

போன ஞாயிறு, முடிவெட்ட.
இதுவரை தூக்கத்தில் திருட்டுத்தனமாய் வெட்டியதுதான்.
கடைக்கார வடமலை ஃபேனை நிறுத்தினார், ரேடியோவை நிறுத்தினார்,
மெஷினை டிராயரில் வைத்துப் பூட்டினார்.
கத்தரி மட்டும்.
மேடம் காட்டிய மாதிரி அவன் தோள் இரண்டையும்
மெதுவாக, ஒரே அளவாக அழுத்திப் பிடித்திருந்தேன்.
இடது பக்கம் முடிந்தது.
வலது பக்கம் தொட்டதும் எழுந்துவிட்டான்.
சரி.

பாதித் தலையோடு குகை வழியாக நடந்து வந்தோம்.
பார்க்கிறவர்கள் பார்த்தார்கள்.
தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால் நின்று
என் கையைப் பிடித்துத்
தன் தலையில் வைத்துக்கொண்டான், வெட்டின பக்கம்.
இதற்குத் தராசு இல்லை.
அழுத்தினேன்,
போதும் என்று அவனே தள்ளிவிடும்வரை.