முடி உதிராத பூ

முடி உதிராது என்றார்கள்.
மால்ட்டிப்பூ.
பேரிலேயே பூ இருக்கு பாரும்மா என்றாள் மகள்.
அப்பன் வழி பூடில், தாய் வழி மால்டீஸ்,
இரண்டு பக்கத்து நல்லதும் ஒரே குட்டியில்.
கெட்டது எங்கே போகும் என்று
நான் கேட்கவில்லை.
முப்பத்தெட்டாயிரம். பாதி ஜிபேயில்,
மீதி சீட்டு எடுத்து.
பிஸ்தா என்று பேர் வைத்தோம்.

ஏழாம் மாதம் மாடிப்படியில்
பின்னங்கால் ஒன்றைத் தூக்கிக்கொண்டே ஏறினாள்.
பிள்ளைகள் பாண்டி ஆடுகிற மாதிரி இருக்கிறதென்று
வீடியோ எடுத்துப் போட்டேன்.
நாற்பது பேர் சிரித்தார்கள்.
லாஸ்பேட்டை டாக்டர் சிரிக்கவில்லை.
முட்டிச்சில்லைக் கட்டைவிரலால் தள்ளினார்,
தளர்ந்த ஜன்னல் கொக்கி போல
டக்கென்று வெளியே போய் டக்கென்று உள்ளே வந்தது.
"அம்மாவப் பாத்தீங்களா?" என்றார்.
யாருடைய அம்மாவை என்று
ஒரு கணம் விளங்கவில்லை எனக்கு.

பெண்ணையாற்றுப் பாலத்தில்
லோகு வண்டியை மெதுவாக்கினான்.
பதினோரு வருஷத்துக்கு முன்னால்
கடலூரிலிருந்து கடைசி பஸ்ஸில்
தலையைக் குனிந்தபடி இதைத் தாண்டியவர்கள் நாங்கள்.
கலப்பு என்ற சொல்லை என் பெரியப்பா
அன்று காறித் துப்புகிற மாதிரி சொன்னார்.
அதே சொல்லுக்கு இன்று
ரசீது இருக்கிறது என் பையில்.

ஓ.டி.யில் ஐஸ் ஃபேக்டரிக்குப் பின்னால் வீடு.
புனிதவல்லி அக்கா கெட்டவள் இல்லை.
உட்காரச் சொன்னாள், கோலி சோடா உடைத்துக் கொடுத்தாள்,
மகள் நர்சிங் மூன்றாம் வருஷம்,
ஃபீஸ் கட்ட நாளைக்குக் கடைசி நாள் என்றாள்.
"தாயப் பாக்கணும்" என்றேன்.
"அதுல என்னா பாக்கப் போற."

ஆஸ்பெஸ்டாஸ் கூரை. கோழிக்கூண்டு.
உள்ளே ஒரு வெள்ளை,
வெள்ளையாக இருந்திருக்க வேண்டிய ஒன்று.
முதுகில் முடியே இல்லை.
எங்கள் வீட்டு சோபாவில் உதிராத முடியெல்லாம்
இங்கே உதிர்ந்து கிடந்தது.
மடி தரையில் இழுபட்டது.
பக்கத்து அட்டைப் பெட்டியில் மூன்று குட்டிகள்,
நாலாவது நேற்றுப் போய்விட்டதாம்.
பிஸ்தா கம்பியை முகர்ந்தாள். வாலாட்டவில்லை.
அதுவும் இவளை அடையாளம் கண்டதாகத் தெரியவில்லை.
நான் அழுவதற்குத் தோதாக
எதுவும் நடக்கவில்லை.

"எத்தனை ஈத்துக்கா?"
விரல் விட்டாள்.
ஒரு கை முடிந்து மறுகைக்குப் போகையில்
நிறுத்திக்கொண்டாள்.

"கால் சரியில்லன்னா மாத்திக் குடுக்கறேன் கண்ணு.
இத வுட்டுட்டு அந்த மூணுல ஒண்ணு எடுத்துக்க.
பொட்டதான. ஈத்துக்கு ஆவும்."

லோகு பிஸ்தாவைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு
பேசாமல் வெளியே போனான்.
நான் தாயின் விலையைக் கேட்டேன்.
சொன்னாள்.
கேட்கும்போதே தெரிந்துவிட்டது,
அந்தக் காசில் இன்னொரு வெள்ளை வரும்,
கூண்டு ஒருநாளும் காலியாக இருக்காது.
புரட்டியிருக்கலாம். வாங்கவில்லை.
செய்தது சரி என்று சொல்லிக்கொள்ள
இதை எழுதவில்லை.

தெருமுனையில் ஒரு செவலை,
ஒரு காது நிமிர்ந்து ஒரு காது மடங்கி,
எத்தனை வம்சம் கலந்ததோ யார் கண்டது,
நாலு காலும் ஊன்றி
உப்பளவாடி திருப்பம் வரை எங்களைத் துரத்தியது.
அதை யாரும் விலை கேட்டதில்லை.

ராத்திரி,
புனிதவல்லியின் எண்ணை நான் அனுப்பியிருந்த மூன்று பேருக்கும்
அங்கே வாங்காதீங்க என்று அடித்தேன்.
ஆபீஸ் வைஜெயந்தியிடமிருந்து உடனே ஒரு படம் வந்தது.
கழுத்தில் ரிப்பன்,
அதே பழுப்புக் காது.
"உன் பிஸ்தாவுக்குத் தங்கச்சி!
நேத்துதான் வந்தா.
ஒரு முடிகூட உதிரல தெரியுமா."