இடமாற்ற விண்ணப்பம், மூன்றாம் முறை

காரணம் என்ற கட்டத்துக்குள்
இருநூறு எழுத்துதான் நுழையும்.
திருமணம், மேற்படிப்பு, சொந்த உடல்நலம், பிற.
'பிற'வைத் தொட்டேன்.
அம்மாவுக்கு மறதி நோய் என்று அடித்த பிறகும்
நூற்று எண்பத்துச் சொச்சம் மிச்சமிருந்தது.
வேறென்ன எழுத?

பூன்டா அரேனஸ், விமான நிலைய வானிலைக் கூடம்.
வெளியே மணிக்கு நூற்றுப் பத்து வேகத்தில் காற்று.
இந்நேரம் நகரில் கயிறு கட்டியிருப்பார்கள்,
ஆட்கள் பிடித்துக்கொண்டு தெருவைக் கடக்க.
மணிக்கொரு தரம் நான் மொட்டைமாடிக்கு ஏறி
வானத்தை எட்டுப் பங்காக்கி
எத்தனை பங்கு மேகமென்று குறிக்கிறேன்.
பத்தொன்பது வருஷமாக அதே வானத்திடம்
அதே கேள்வி.
இதற்குச் சம்பளம் தருகிறார்கள்.

எட்டு என்றால் முழுக்க மூடியது.
ஒன்பது என்றும் ஓர் எண் உண்டு,
பனியோ புகையோ மறைத்து
வானமே கண்ணுக்குத் தெரியாத நேரத்துக்கு.
ஒன்பது போட்ட நாட்களில்
மேலே வானம் இல்லை என்று
யாரும் எழுதியதில்லை.

"அங்கே மழையா?"
"இல்லம்மா, காத்து."
"ஜன்னலைச் சாத்திக்கோ."
மூச்சு விடும் நேரம்.
"அங்கே மழையா?"
"இல்லம்மா."
ஏழு தடவை. எட்டாவதாக ஒருமுறை
நீங்க யாரு பேசறது என்றாள்,
மரியாதையாக.

சிலோயே தீவிலிருந்து தெலிசியா சொன்னாள்:
போன வியாழன் விடிகாலை ஐந்துக்கு
உன் அம்மா சால்மன் ஆலை வாசலில் நின்றாள்,
ரப்பர் பூட்ஸ், தலையுறை, எல்லாம் சரியாக.
காலை ஷிஃப்டுக்கு வந்திருக்கேன் என்றாளாம்.
ஆலையை மூடி ஆறு வருஷமாயிற்று.
காவல்காரன் நல்லவன்.
தன் சமையல்கணக்கு நோட்டை நீட்டி
இதிலே போடுங்க சின்யோரா என்றிருக்கிறான்.
போட்டுவிட்டு வீடு திரும்பியிருக்கிறாள்.

முதல் விண்ணப்பம் சான்றிதழ் இல்லையென்று வந்தது.
இரண்டாவதோடு சான்றிதழ் வைத்தேன்,
நோயாளியின் சம்மதக் கையெழுத்தும் வைத்தேன்.
தலைநகரிலிருந்து திரும்பி வந்தது:
கையெழுத்து அடையாள அட்டையோடு ஒத்துப்போகவில்லை.

எடுத்துப் பார்த்தேன்.
எர்மிண்டா, 214, காலை.
மீன் அறுத்த இருபத்தொன்பது வருஷமும்
அவள் போட்ட கையெழுத்து அதுதான்.
அட்டையில் இருப்பது
வாழ்நாளில் நாலைந்து முறை போட்டது.

மேலாளர் மார்த்தினிச் கண்ணாடியைத் துடைத்தார்.
"நெல்டா, காஸ்ட்ரோவில் நோக்கர் இடம் காலியில்லை.
சரக்குக் கணக்கில் ஒன்று இருக்கிறது. இரண்டு படி கீழே."
"மொட்டைமாடி உண்டா?"
"உண்டு. ஏறுவது வேறொருவர்."
துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தார்.
அவர் அப்பா எப்படிப் போனார் என்று
ஊருக்கே தெரியும். நான் கேட்கவில்லை.

இன்றிரவு மூன்றாவது படிவம்.
சரக்குக் கணக்கு, சம்மதம்.
காரணம்:
கையெழுத்து ஒத்துப்போகவில்லை. அதுதான் காரணம்.
மிச்ச இடத்தை நிரப்பவில்லை.
அனுப்பு என்பதை அழுத்தியதும்
திரையில் ஒரு சக்கரம் சுற்றியது,
சுற்றிக்கொண்டே இருந்தது.
இங்கே காற்றடித்தால் இணையமும் இப்படித்தான்.

ஆறு மணிப் பதிவுக்கு ஏறும்போது
சட்டைப்பையில் போன் அதிர்ந்தது.
ஒரு கை கைப்பிடிக் கம்பியில்.

"அங்கே மழையா?"

இத்தனை நாளும் பாராமலே பதில் சொல்லியிருக்கிறேன்.
"இரும்மா," என்றேன், "பாத்துச் சொல்றேன்."
கதவைத் தோளால் தள்ளி
வெளியே போய்
நிமிர்ந்து பார்த்தேன்.