மூன்று முறை அழைத்தார்கள்

மரிசேலா ஓச்சோவா.
மரிசேலா ஓச்சோவா.
மரிசேலா ஓச்சோவா.
அமரில்லோ நகர நீதிமன்றத்தில்
எவரும் எழவில்லை.

அந்நேரம் அவள்
டோனட்டுகளுக்குப் பாகு தடவிக்கொண்டிருந்தாள்.
சம்மன், கார் இருக்கைக்கு அடியில்
வறுவல் எண்ணெய் குடித்துக்கொண்டிருந்தது.

நிறுத்தப் பலகையில் நிற்காமல் போனது
ஒரு குற்றம்.
நீதிமன்றத்துக்குப் போகாமல் நின்றது
இன்னொன்று.
வாரண்ட் இரண்டாவதுக்கு.

பின்விளக்கு எரியவில்லையென்று ஓரங்கட்டிய காவலர்
கணினியைப் பார்த்துவிட்டு
வேறு குரலோடு திரும்பி வந்தார்.
“பதினேழுதானே எனக்கு?”
“டெக்சஸில் அது போதும்.”

ஓரிரவு லாக்கப்.
போனில் அம்மா முதலில் கேட்டது:
“கார் எங்கே?”
நூறு டாலர் அபராதம்
குட்டி போட்டு அறுநூறானது.

இப்போது வேலைக்கு நடைதான்.
அதிகாலை நான்கு மணி. அதே பலகை.
நிற்கிறாள்.
எந்தப் பக்கமும் வண்டி இல்லை.
இன்னும் கொஞ்சம்
நிற்கிறாள்.