ஒரு யூரோ சேறு

பிரேமர்ஹாஃபன் துறைமுகத்துக்குப் பின்னால்
நான்கு டிகிரிக் குளிரறையில்
படுத்திருக்கிறது எண்ணூர்.
ஒரு மீட்டர் நீளம், உள்ளங்கை அகலம்,
இரு முனையிலும் சிவப்பு மூடி.

சுங்கப் படிவத்தில் மதிப்பு என்றொரு கட்டம்.
சேற்றுக்கு விலை இல்லை என்று எழுதினேன்.
காலியாக விடக் கூடாதாம். பூஜ்யமும் செல்லாதாம்.
ஒரு யூரோ என்று திருத்தினேன்.
ஒரு கழிமுகம்
காப்பிக் காசுகூடப் பெறாமல் ஜெர்மனிக்குள் வந்தது.

குழாயின் ஒரு முனையில்
நீரில் கரையாத மையால்
‘மேல்’ என்று எழுதி அம்புக்குறி போட்டிருக்கிறார் தேசப்பன்,
மார்பளவு தண்ணீரில் நின்று அதை இறக்கியவர்.
கொம்பு முளைத்த நத்தை என்று நினைத்தாளாம் ஆன்கே.
அர்த்தம் சொன்னதும்
தன் குறிப்பேட்டில் அப்படியே வரைந்துகொண்டாள்.
புள்ளியை விட்டுவிட்டாள்.
பரவாயில்லை,
‘மேல’ என்றுதானே நாமும் பேசுகிறோம்.

சேற்றில் கால் வைத்தால்தான் சோற்றில் கை என்பார்கள்.
நான் நீல உறை மாட்டிய கையை வைக்கிறேன்.
ஊர் தருமபுரிப் பக்கம். கடலைப் பார்த்ததே
கல்லூரிச் சுற்றுலாவில், பேருந்து ஜன்னல் வழியே.
இந்தச் சேற்றில் எனக்கு நினைவு எதுவும் இல்லை.
வேலை இருக்கிறது.

கம்பியை இழுத்து நெடுக்காகப் பிளக்கிறோம்.
அழுகிய முட்டை நாற்றம்.
மூக்கைப் பொத்தாமல் குனிகிறாள் ஆன்கே:
எவ்வளவு அழகு!

அழகுதான்.
சாம்பல், கறுப்பு, சாம்பல், கறுப்பு,
நாலுகோடு நோட்டுப்போல
ஒன்றை ஒன்று தொடாமல்.
அனல்மின் நிலையம் துப்பியது ஒரு கோடு.
வெள்ளம் தள்ளிவந்த களிமண் ஒரு கோடு.
அதன்மேல் எண்ணெய், நகத்தின் கனத்தில்.
மறுபடி சாம்பல்.
விரல் வைத்து ஆண்டுகளை எண்ணிவிடலாம்.
இத்தனை தெளிவான சேறு கிடைப்பது அபூர்வம் என்கிறாள்.

அறுபது சென்டிமீட்டருக்குக் கீழே
எழுத்து கலைந்துவிடுகிறது.
கோடு இல்லை, நிறமும் சொல்லும்படி இல்லை.
நண்டு வளையில் மணல் நிரம்பி நிற்கிறது.
புழு போன வழி, அது திரும்பி வந்த வழி.
பாதி மட்டி ஓடு,
அலையாத்தி வேரின் ஒற்றை நூல்.
எந்த ஆண்டின் மண்ணையும் அந்த ஆண்டில் இருக்கவிடாமல்
தின்று, துப்பி, மேலே சுமந்து, கீழே புதைத்து,
பத்து வருஷத்தை ஒரே பிடியாகப் பிசைந்திருக்கின்றன.

இதற்கும் படிவத்தில் கட்டம் உண்டு:
‘கலைந்த பகுதி. காலம் கணிக்க இயலாது. நீக்குக.’

பேனாவைத் திறந்தபடி நின்றேன்.
கலைப்பதற்கு ஒரு புழு இருந்த வரைக்கும்
இந்த ஆற்றுக்கு
யாரும் படிக்கும்படியான வரலாறு இருக்கவில்லை.

ஆன்கேயிடம் அதைச் சொன்னேன்.
உறையைக் கழற்றிக் குப்பையில் போட்டாள்.
தெரியும், இருபது வருஷமாகத் தெரியும்,
ஆனாலும் வாய் முதலில் அழகு என்றுதான் சொல்கிறது
என்றாள்.

வேலை முடிந்ததும் வேஸர் கரைக்குப் போனேன்.
ஓதம் இறங்கியிருந்தது.
இதுவும் ஒன்றும் பத்தினி ஆறு இல்லை.
எதிரே தூர்வாரும் கப்பல்
பெட்டிக் கப்பல்களுக்காக அடிவயிற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தது.
இந்தப் பக்கம், அரைகுறை வெளிச்சத்தில்,
கண்ணுக்கு எட்டிய வரை சேற்றின்மேல்
யாரோ முறுக்குப் பிழிந்து வைத்தமாதிரி
சின்னச் சின்னச் சுருள்கள்.
புழுக்கள்.
ஒன்று என் கண்ணெதிரே பிழிந்தது,
நிறுத்தியது,
இன்னும் கொஞ்சம் பிழிந்தது.

நீக்குக என்ற கட்டத்தில் இன்னும் குறி போடவில்லை.
காலை ஒன்பதுக்குக் கூட்டம்.

திரும்பும்போது பார்த்தேன்,
என் காலணித் தடம் சேற்றில் கச்சிதமாக விழுந்திருந்தது,
ஏழு கோடு, ஒரு நிறுவனத்தின் பெயர்.
கீழே இருப்பவை
அதை வாசிக்க முடியாமல் செய்துவிடும்,
நாளைக்குள்.