வெப்பநிலைப் பதிவேடு

காலை ஒன்பது, மாலை நான்கு.
தடுப்பூசிப் பெட்டியின் வயிற்றுக்குள் எட்டிப் பார்த்து
எண்ணை எழுதுவது என் வேலை.
இரண்டுக்குக் கீழே இறங்கக் கூடாது,
எட்டைத் தாண்டக் கூடாது.
'மாமரம் பூத்தப்பப் பொறந்தான்' என்று
வயது சொல்லும் ஜவ்வாது மலையில்
எனக்கு நிச்சயமாய்த் தெரிந்த எண்கள் இவைதான்.

குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஒரு சீமை அத்தி.
எனக்கு முன் இருந்த எப்சிபா சிஸ்டர் நட்டது.
இடுப்பு உயரம்.
மாறுதல் உத்தரவு வந்த அன்று
சாவிக்கொத்தோடு ஒரு வரியும் கொடுத்தாள்:
"தை முடியற வரைக்கும் ராத்திரி மூடி வை."
நான் குடியாத்தத்துக்காரி.
வெயிலுக்குத்தான் மூடத் தெரியும்,
தலையை, தண்ணீர்த் தொட்டியை.
குளிருக்கு ஒரு செடியை
எந்தப் பக்கமிருந்து மூடத் தொடங்குவது?

ரேஷன் அரிசிச் சாக்கு இரண்டு.
உள்ளே சாமை வைக்கோல்.
மேலே கிழிந்த கொசுவலை.
கட்டுவதற்குக் காயத்துக்குச் சுற்றும் துணி.
"எந்த எலும்பு ஒடஞ்சுது சிஸ்டர்?" என்றான்
ஆம்புலன்ஸ் ஓட்டும் தேவநேசன்.
வைக்கோல் தந்த பொன்னுருவி சிரிக்கவில்லை.
குனிந்து முடிச்சைத் தளர்த்தினாள்.
"பகல்ல தெறந்து வுடு. புழுங்கிடும்."
அதிலிருந்து எனக்கு
இன்னொரு காலையும் இன்னொரு மாலையும்.

காணும் பொங்கல் கழிந்த வாரம்
காற்றில் சில்வர் ஓக் சாய்ந்து கம்பி அறுந்தது.
ஜெனரேட்டரில் டீசல் இல்லை;
அது இருப்பதுதான் இங்கே அத்தி பூத்த மாதிரி.
பெட்டி ஒரு நாள் தாங்கியது.
இரண்டாம் இரவு, ஏழு.
ஏழரை.
ஐஸ் பேக் எல்லாம் வெறும் தண்ணீர்.
விடிந்தால் புதன். நாற்பத்தொரு குழந்தைகள்.
காய்ச்சல்காரி பக்கத்தில் உட்காருவதுபோல்
டார்ச்சோடு உட்கார்ந்திருந்தேன்.

கொல்லைக் கதவைத் திறந்தது
ஒன்றுக்குப் போகத்தான், வேறெதற்கும் இல்லை.
பனி முகத்தில் அறைந்தது.
அப்புறம்தான் உறைத்தது.

மருந்தை கேரியர்களில் மாற்றித் தூக்கிவந்து
அத்தியின் காலடியில் வைத்தேன்.
வெளியே ஐந்து.
இரண்டு மாதமாய் நான் திட்டித் தீர்த்த பனி
திறந்த பெட்டிகளுக்குள்
கோபமே இல்லாமல் இறங்கியது.
ஏழரை ஏழானது. ஏழு ஆறானது.
உடனே அடுத்த பயம்:
உறைந்தாலும் மருந்து கெட்டுவிடுமே.
நான்கைத் தொட்டதும் மூடியைப் போட்டேன்.

கை சும்மா இருக்கவில்லை.
வெப்பமானியைச் சாக்குக்குள் நுழைத்தேன்,
வைக்கோல் நடுவே, தண்டை ஒட்டி.
பன்னிரண்டு.
யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது.
மடியில் பதிவேடுதான் இருந்தது.

மாசியில் ஆய்வுக்கு வந்தவர்
சிவப்பு மையால் வட்டமிட்டார்.
"இருபத்து நாலாம் தேதி, விடிகாலை மூணு பத்து.
பன்னிரண்டு!
மருந்தெல்லாம் போயிருக்குமே, என்னம்மா இது?"

"அது மருந்து இல்ல சார்."
"பின்ன?"

ஜன்னல் வழியே காட்டினேன்.
கட்டு அவிழ்த்து ஒரு வாரம்.
நுனியில் இரண்டு விரற்கடை கருகித்தான் போயிருந்தது.
கீழே, துணி இறுக்கிய தழும்பருகே
நகத்தளவு பச்சை.
அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.
அவ்வளவு தூரத்தில் அது தெரிந்திருக்காது.
பேனாவைத் திறந்து
'குறிப்பு' என்ற கட்டத்தில்
என்ன எழுதட்டும் என்று என்னையே கேட்டார்.