ஆறரை அங்குல வெற்றிடம்

ரிக் வண்டியில் கம்ப்ரஸர் பார்க்கிற எனக்கு
அழுகிற ஞானியின் பாட்டைக் கொடுத்தார் கிரேஸ்லின் மிஸ்.
திருச்செங்கோட்டுச் சபையில்
இந்தத் தொண்டைதான் அடிமட்டம் வரைக்கும் போகுதாம்.

முந்நூற்றைம்பது வருசத்துக்கு முந்தி
இத்தாலிக்காரர் யாரோ எழுதியது.
கிரேக்க ஞானிகள் ரெண்டு பேர்.
ஒருத்தன் உலகத்தைப் பார்த்துச் சிரிப்பான்,
மற்றவன் அதே உலகத்தைப் பார்த்து அழுவான்.
மேடையில் வேறொன்றும் நடக்காது.
அந்தக் காலத்தில் ராஜா வேசத்துக்கு உச்சக் குரல்,
ஞானிக்குத் தாடியும் கட்டைக் குரலும்.
"அறிவு கீழ இருக்குதுன்னு நெனச்சாங்க" என்றார் மிஸ்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
கீழே என்ன இருக்கும் என்று
எனக்குக் கொஞ்சம் தெரியும்.

சிரிப்பவன் மருந்துக்கடை பெர்னபாஸ்.
அவனுக்குப் பொடிப்பொடிச் சுரங்கள்,
கொத்துமல்லி விதை தட்டில் சிந்துகிற மாதிரி.
எனக்கு அரை அரைச் சுரமாய் இறக்கம்,
அதே இறக்கம் திரும்பத் திரும்ப,
ராடுக்கு மேல் ராடு பூட்டுவதுபோல.

ஒரே ஆற்றில் ரெண்டாம் தரம் கால் வைக்க முடியாது
என்றானாம் என்னுடைய ஆள்.
நொய்யலுக்கு வரச் சொல்லுங்க,
முதல் தரமே வைக்க மாட்டான் என்றான் பெர்னபாஸ்.
அவனுடைய ஆள் சொன்னது:
அணுக்களும் வெற்றிடமும். மற்றதெல்லாம் பேச்சு.

அழுகை வரவில்லை.
சுதி இருந்தது, மூச்சு இருந்தது.
"பில்லு வாசிக்கிறாப்ல இருக்குதுங்ணா"
என்றாள் கீபோர்டு வாசித்த பிளஸ் டூ பிள்ளை.

மறுவாரம்
வெள்ளகோவில் பக்கம் செங்காளியப்பன் தோட்டம்.
உள்ளங்கையில் தேங்காய் எழுந்து நின்ற இடம்.
நானூறில் லேசாகக் கசிவு,
அறுநூறில் கருங்கல்,
ஆயிரத்து நூறில்
தென்னம்பாளை உயரத்துக்கு வெள்ளை மாவு.
"இன்னொரு ராடு போடுங்" என்றார்.
போட்டோம்.
இன்னொன்று.
கம்ப்ரஸரை நிறுத்தினதும் அந்த அமைதியில்
அவர் சிரித்தார்.
புருவமெல்லாம் கல்மாவு.
நிற்கவே இல்லை அது, பொடிப்பொடியாக.
அவர் சம்சாரம் அந்தத் தேங்காயை எடுத்து
சட்னிக்கு ஆகும் என்று உள்ளே கொண்டுபோனார்.
அடிக்கு இவ்வளவு என்று நான் எழுதினேன்:
அகலம் ஆறரை அங்குலம்,
வெற்றிடம் ஆயிரத்து நூற்றி நாற்பது அடி.
அணுவெல்லாம் எங்கள் தலைமேல்.

ஈரோட்டில், பள்ளிக்கூட அரங்கில்
பெர்னபாஸ் சிரிக்கச் சனமும் சிரித்தது.
என் முறை. இறங்கினேன்.
கடைசிச் சுரத்துக்கும் கீழே
தாளில் எழுதாத இடத்துக்குப் போய்விட்டேன்.
அங்கே சத்தமில்லை, காற்று மட்டும்.
கீபோர்டு பிள்ளை திரும்பிப் பார்த்தாள்.

"அழுகை நல்லா வந்துச்சு" என்றார் மிஸ்.
நான் பெர்னபாசின் தாடியைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்,
பசை விடவில்லை, கத்தினான்.

செங்காளியப்பன் பாக்கி பதினெட்டாயிரம்.
ஓனர் சொல்லி வாரம் ஒரு தரம் கூப்பிடுகிறேன்.
எடுக்கிறார். ஏனுங் என்கிறார்.
அப்புறம் ஒரு சத்தம்.
சிக்னல் சரியில்லை.
ரெண்டில் எது என்று
இதுவரை பிடிபடவில்லை.